கொடி மாறிடுச்சு, காசு மாறலை: முதல் நிதியமைச்சர் சண்முகம் செட்டியாரின் கதை

1947 ஆகஸ்ட் 16. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவர்கள் கூலியாக வாங்கியது என்ன காசு தெரியுமா? ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட அதே பழைய காசுதான். உப்பு வரி அந்த ஏப்ரலிலேயே ஒழிந்துவிட்டது. ராஜா தலை இல்லாத புது நாணய வரிசை வந்ததோ 1950 ஆகஸ்டில்தான். கொஞ்சம் தெற்கே போனால் பிரெஞ்சுப் புதுச்சேரி. அங்கே இந்தோசீனா வங்கி வெளியிட்ட ரூபாய் நோட்டு.

சரி, சுதந்திரம் வந்தாச்சு, நாட்டின் பணம் எங்கே? இந்தக் கேள்வி வந்து நின்றது ஒரு கோயம்புத்தூர்காரரிடம்.

ஆர்.கே.சண்முகம் செட்டியார் பிறந்தது 1892ல். சுயராஜ்யக் கட்சி, மத்திய சட்டசபைத் தலைவர் பதவி, ‘சர்’ பட்டம், கொச்சி திவான் என்று ஒரு சுற்று வந்தவர். 1947ல் அவர் காங்கிரஸ்காரர் இல்லை. பிரிட்டிஷாருக்கு வேண்டியவர் என்ற பேச்சும் உண்டு. ஆனாலும் நேரு அமைச்சரவையில் நிதி இவருக்குத்தான் வந்தது. காரணம், இவருக்குக் கணக்கு தெரியும்.

அந்தக் கணக்கு சாதாரணமானதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இங்கிருந்து சரக்குகளை வாங்கிக்கொண்டு, விலையை லண்டனில் கடனாக எழுதி வைத்தது. அதைக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி நோட்டு அடித்தது, விலைவாசி எகிறியது. சுதந்திரத்தின்போது அந்த நிலுவை சுமார் 116 கோடி பவுண்டு. நம்ம பணம்தான், ஆனால் நினைத்தபடி எடுக்க முடியாது. 1944 பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் இந்தியா இதைக் கிளப்பியபோது, இது நம் இருவருக்குள் பேச வேண்டியது என்று பிரிட்டன் ஒதுக்கிவிட்டது. அந்த இந்தியக் குழுவில் செட்டியாரும் இருந்தார்.

1948ல் அவரே லண்டன் போய்ப் பேசினார். பிரிட்டன் இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டு, வெள்ளைக்கார அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கு இன்னொரு பெரிய தொகை. எல்லாம் அந்த நிலுவையிலேயே கழிந்தது! மீதியும் தவணை தவணையாகத்தான் கிடைத்தது.

இன்னொரு பக்கம் பாகிஸ்தான். தனி நாடு ஆகியும் 1948 ஜூன் வரை அவர்களுக்கும் நம் ரிசர்வ் வங்கிதான். நாசிக்கில் அச்சான நம் நோட்டிலேயே ‘பாகிஸ்தான் அரசு’ என்று சேர்த்து அடித்துக் கொடுத்தார்கள். ரொக்க இருப்பில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய். அதில் 55 கோடியைக் காஷ்மீர் சண்டையால் இந்தியா நிறுத்தி வைத்தது. காந்தி உண்ணாவிரதம் இருந்த நாட்களில் விடுவித்தது.

இதற்கு நடுவே, 1947 நவம்பர் 26ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட். ஏழரை மாதத்துக்கான கணக்கு அது: வரவு 171 கோடி, செலவு 197 கோடி. செலவில் கிட்டத்தட்ட பாதி ராணுவத்துக்கு.

பதவி ஒரு வருஷம்தான் நீடித்தது. வரி ஏய்ப்பு விசாரணைக்கான பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரம் வெடிக்க, பொறுப்பேற்று 1948 ஆகஸ்டில் விலகினார். லண்டன் ஒப்பந்தம் முடிந்த அடுத்த மாதமே இப்படி ஆனது. அதன்பின் சிலப்பதிகாரம், தமிழிசை, கொஞ்ச காலம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி. 1953 மே மாதம் காலமானார்.