எட்வின் கோனும் மூன்றாம் பிரிவும்

மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி போட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மருந்து நேராகப் போய் ரத்தக்கட்டியைக் கரைப்பதில்லை. நம் பிளாஸ்மாவில் சும்மா கிடக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். எழுந்ததும் அதற்குப் பெயர் பிளாஸ்மின். கட்டியை அறுப்பது அதுவே. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் சுமார் 70 கிராம் புரதம். அதில் பிளாஸ்மினோஜன் 0.2 கிராம்தான்! அதைப் பிரித்தெடுக்கப் பாதை போட்டவர் எட்வின் கோன்.

1892-ல் நியூயார்க்கில் பிறந்தார். 1917-ல் சிகாகோவில் முனைவர் பட்டம். பிறகு கடைசிவரை ஹார்வர்டுதான். (நம் எல்லப்பிரகட சுப்பாராவ் உழைத்ததும் அதே மருத்துவப் பள்ளியில்தான்.) ஆள் கண்டிப்பானவர், கூட வேலை பார்ப்பது லேசில்லை.

உலகப்போர் வந்தது. 1940-ல், களத்துக்குக் கொண்டுபோகத் தோதாக ரத்தத்திலிருந்து ஏதாவது எடுத்துத் தர வேண்டும் என்ற பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் செய்தது எங்கள் புன்னக்காயல் பக்கத்து உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கடல்நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சம் படியும், அப்புறம் உப்பு விளையும், மிச்சம் கசப்பு நீர். கோன் வெயிலுக்குப் பதில் ஆல்கஹாலை வைத்தார். சாதாரணச் சூட்டில் ஆல்கஹால் பட்டால் புரதம் கெட்டுப்போகும். அதனால் மைனஸ் 5 டிகிரி வரை குளிர வைத்தார். 8 சதவீத ஆல்கஹாலில் ஃபைப்ரினோஜன் படிந்தது. 25 சதவீதத்தில் இரண்டாம், மூன்றாம் பிரிவுகள். 40 சதவீதத்தில், அமிலத்தன்மையையும் கூட்டியபோது, ஐந்தாம் பிரிவான ஆல்புமின். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் காயப்பட்டவர்களுக்கு ஏற்றியது இந்த ஆல்புமினைத்தான்.

புகழெல்லாம் ஐந்தாம் பிரிவுக்கே போயிற்று. ஆனால் ஜனங்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்தில் எதையும் வீணாக்கக் கூடாது என்பதில் கோன் பிடிவாதமாக இருந்தார். என்னைக் கேட்டால் அவருடைய பெருமை அதில்தான். மூன்றாம் பிரிவுப் பசைக்குள்தான் பிளாஸ்மினோஜன் ஒளிந்திருந்தது. 1953-ல் டேனியல் கிளைன் அதிலிருந்து அமிலத்தால் அதைப் பிரித்தெடுத்தார். அதே வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, நெடுநாள் ரத்தக்கொதிப்பால் மூளை தாக்குண்டு, கோன் 60 வயதில் காலமானார்.

1970-ல் டாய்ச், மெர்ட்ஸ் இருவரும் இன்னும் சுருக்கு வழி கண்டார்கள். லைசின் பூசிய சிறு மணிகள் நிரப்பிய குழாயில் பிளாஸ்மாவை ஊற்றினால், மற்றதெல்லாம் ஓடிவிட, பிளாஸ்மினோஜன் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அமினோகேப்ராயிக் அமிலத்தை விட்டுக் கழற்றிவிடலாம்.