காந்தியடிகளும் ஆட்டுப்பாலும்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் புலால் உண்ணாதவர்கள். ஆனால், ஆங்கிலேயர்கள் இறைச்சி உண்பதால்தான் வலிமையோடு நம்மை ஆள்கிறார்கள் என்று பள்ளி நண்பன் ஒருவன் கூறியதை அவர் நம்பினார். ஆற்றங்கரையில் மறைவாக ஆட்டிறைச்சி உண்டார். அன்றிரவு தம் வயிற்றுக்குள் ஓர் ஆடு கத்துவதுபோல் தோன்றியதால் உறக்கமின்றித் தவித்தார். ஏறத்தாழ ஓராண்டுக்காலம் இது அவ்வப்போது தொடர்ந்தது. பெற்றோரிடம் பொய் சொல்வதைத் தாங்க முடியாமல், பின்னர் அப்பழக்கத்தைக் கைவிட்டார்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்டபோது, இறைச்சியைத் தொடுவதில்லை என்று தாயார் புத்லிபாயிடம் உறுதியளித்தார். அங்கே ஏற்ற உணவு கிடைக்காமல் பல நாள் அரைவயிற்றோடு இருந்தார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டு மகிழ்ந்தார். அங்கு விற்கப்பட்ட ஹென்றி சால்ட்டின் நூலை வாங்கிப் படித்தார். அதுவரை தாய்க்காகக் காத்துவந்த நெறி, அதன்பின் அவருடைய சொந்தக் கொள்கையாக மாறியது.

அவர் சிந்தனை இறைச்சியோடு நின்றுவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தபோது, கல்கத்தாவில் பாலுக்காகப் பசுக்களும் எருமைகளும் படும் கொடுமைகளைப் பற்றிப் படித்தார். தாய்ப்பாலைத் தவிர மனிதனுக்கு வேறு பால் தேவையில்லை என்றும் கருதினார். 1912ஆம் ஆண்டு டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து, பால் அருந்துவதில்லை என உறுதி பூண்டார்.

இந்தியா திரும்பிய பின் அந்த உறுதிக்குச் சோதனை வந்தது. 1918ஆம் ஆண்டு கடும் வயிற்றுப்போக்கினால் அவர் உடல் நலிந்து, உயிர் பிழைப்பதே ஐயமாயிற்று. பால் அருந்தாமல் உடல் தேறாது என்றார் மருத்துவர். காந்தியடிகள் மறுத்தார். உறுதி பூண்டபோது பசுவையும் எருமையையும்தானே நினைத்திருப்பார், ஆட்டுப்பால் அருந்தலாமே என்று கஸ்தூரிபாய் எடுத்துக் கூறினார். நாட்டுப்பணியைத் தொடர விரும்பிய அவர் அதற்கு இணங்கினார். உடல் தேறியது, மனம் தேறவில்லை. சொல்லைக் காப்பாற்றினாலும் அதன் உட்பொருளைக் கைவிட்டதாக அவர் வருந்தினார். அந்த வருத்தத்தை மறைக்காமல் தம் வாழ்க்கை வரலாற்றிலும் எழுதினார்.

இன்று கால்நடை வளர்ப்புக்காகக் காடுகள் அழிக்கப்படுகின்றன. மாடுகள் வெளியிடும் மீத்தேன் வாயுவால் புவி வெப்பமடைகிறது. எனவே, உணவைப் பற்றிய கேள்வி இன்னும் விரிந்துள்ளது. எல்லாரும் ஒரே விடையைக் காணமாட்டார்கள். ஆயினும், உண்ணும் உணவால் யாருக்குத் துன்பம் நேர்கிறது என்று எண்ணிப் பார்க்கவும், தம் குறையைத் தாமே ஒப்புக்கொள்ளவும் காந்தியடிகளின் வாழ்க்கை நமக்குக் கற்றுத் தருகிறது.