கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்

எமது பாடசாலை மேடையில் ஔவையார் ஏறாத காலம் ஒன்று இருந்ததாக எமக்கு நினைவில்லை. வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு கோல். மன்னாரில் இந்தப் பாத்திரத்தை இந்துப் பிள்ளைகள் மட்டும் ஏற்கவில்லை. கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஏற்றிருக்கிறார்கள். எந்த ஆசிரியை பழக்கினாலும், எந்த மாணவி நடித்தாலும், அந்த ஔவையின் நடையும் குரலும் ஒருவரைப் பார்த்துப் பழகியவைதான். அவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். வேடம் போட்ட எம்மில் அநேகர் அவருடைய வாழ்க்கையை அறிய மாட்டோம். நூற்றாண்டு மலரில் அதனைச் சொல்லி வைப்பது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

நல்ல குரல் படைத்தோர் எத்தனையோ பேர் புகழ் பெறுகின்றனர். ஆனால் ஒரு சிலரே தம் காலம் கடந்தும் நிற்கின்றனர். குரலுக்கு மேலாக அவர்களிடம் இருந்தது என்ன? அம்மையாரின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு ஒரு விடையைத் தருகிறது.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த குடும்பம். தாயார் பாலாம்பாள் வறுமையோடு போராடிப் பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி சுந்தராம்பாள் புகையிரதத்திலே பாடிச் சில்லறை சேர்த்தாள். அந்தக் குரலைக் கேட்டவர்களுள் ஒருவர் நடேச ஐயர். புகையிரத அதிகாரியாகவும் நாடகப் பிரியராகவும் இருந்த அவரின் மூலம் வேலு நாயரின் நாடகக் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது.

அக்காலத்து நாடகம் பாட்டாலேயே நடந்தது. ஒலிவாங்கி கிடையாது. இரவு முழுவதும் நடக்கும் நாடகத்தில் கடைசி வரிசையில் நிலத்தில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் போன்ற நாடகங்களிலே வள்ளியும் வேலனும் பாட்டாலேயே தர்க்கம் செய்வார்கள். எதிராளி என்ன பாடினாலும் உடனே பதில் பாடத் தெரியாதவர் அந்த மேடையில் நிற்க முடியாது. அம்மையாரின் இசைக் கல்லூரி அதுதான். மேல் சுருதியில் நின்றாலும் சொல் சிதையாத அவரது உச்சரிப்பு அங்கே உருவானது.

அந்த மேடைக்கும் எமது மண்ணுக்கும் தொடர்புண்டு. 1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே தொடராகப் பயணம் செய்ய வழி பிறந்தது. வணிகரும் தோட்டத் தொழிலாளரும் மட்டுமல்லாமல் தென்னிந்திய நாடகக் குழுக்களும் இலங்கைக்கு வந்துபோக அந்தப் பாதை உதவியது. தலைமன்னார் இறங்குதுறையில் இறங்கி, எமது தீவைக் கடந்து, கொழும்புக்குப் போகும் பாதை அது. இலங்கை மேடைகள் சுந்தராம்பாளுக்குப் பெயரை மட்டும் தரவில்லை. அவரது வாழ்க்கையின் திருப்பமும் கொழும்பிலேதான் நிகழ்ந்தது.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அந்நாளில் நாடக மேடையின் சக்கரவர்த்தி. அவர் பாடும்போது உடன் நடிப்பவர் மங்கிப்போவது வழக்கம். 1926 ஆம் ஆண்டளவில் கொழும்பில் இருவரும் சேர்ந்து நடித்தபோது அப்படி நடக்கவில்லை. குரலுக்குக் குரல் சமமாக நின்றது. மேடையிலே தொடங்கிய நட்பு 1927 இல் திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். இவர்களின் இல்லறம் அமைதியாகப் போகவில்லை. மனக்கசப்பும் பிரிவும் இருந்தன. 1933 டிசெம்பரில், 27 வயதிலே, கிட்டப்பா காலமானார். அம்மையாருக்கு அப்போது வயது 25.

அன்று அவர் வெள்ளைச் சேலை உடுத்தார். இறுதிவரை அதை மாற்றவில்லை. இனி எந்த ஆணுடனும் சோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். நாடகத்தில் கதாநாயகியாகவே வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இந்த முடிவு பிழைப்பின் கதவையே அடைப்பது போன்றது. அவரும் சில காலம் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். அதோடு அவரது கதை முடிந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பட முதலாளி ஒருவர் அவரைத் தேடி வந்தார். எப்படியாவது அவரைத் திருப்பி அனுப்பிவிட எண்ணி அம்மையார் ஒரு லட்சம் ரூபா கேட்டதாகவும், வந்தவர் அதற்கும் சம்மதித்ததாகவும் சொல்வார்கள். 1935 இல் வெளிவந்த பக்த நந்தனார் அப்படி உருவானது. சோடியாக நடிப்பதில்லை என்ற தீர்மானத்துக்கு ஒரு குறையும் வராமல், அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். எமது ஊர்க் கூத்திலே பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி ஆடிய காலத்தில் இது நடந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆயினும் புகையிரதத்தில் சில்லறைக்குப் பாடிய பிள்ளை, தன் குரலின் விலையையும் நிபந்தனையையும் தானே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள் என்பது ஊரறிந்த செய்தியாயிற்று.

விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் அவர் குரல் ஒலித்தது. சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் பேசுமுன் மக்களைத் திரட்டியது அவருடைய பாட்டு. 1951 இல் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். இந்தியத் திரைக் கலைஞர்களுள் சட்டமன்றத்துக்குள் முதன்முதலாகச் சென்றவர் அவரே.

1940 இல் மணிமேகலையாக நடித்தார். 1953 இல் ஜெமினி வாசனின் ஔவையார் வந்தது. 1964 இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1965 இல் திருவிளையாடலில் மீண்டும் ஔவை, 1973 இல் காரைக்கால் அம்மையார். இந்தப் பெயர்களை ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இவர்களுள் ஒருவரும் இன்னாரின் மனைவி என்று அறியப்பட்டவர் அல்லர். ஔவை மணவாழ்வை வேண்டாமென்று முதுமையை வரமாகப் பெற்றவள். காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுருவை வேண்டியவர். கவுந்தி துறவி. கதாநாயகி ஆக முடியாது என்று தாமே விதித்துக்கொண்ட எல்லைக்குள், தமிழ் மரபில் தனியாக நடந்த பெண்களையெல்லாம் அவர் தேடிக் கண்டார். அவர்களுக்கு நாம் இன்று காணும் முகத்தைக் கொடுத்தவர் அவர்.

பூம்புகார் படத்தில் நடந்ததைத் திரையுலகில் பலரும் அறிவர். கோவலன் கொலையுண்ட பின்னர் வரும் பாட்டிலே, தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் பொருளில் ஓர் அடி இருந்தது. கதை வசனம் எழுதிய மு. கருணாநிதி பகுத்தறிவாளர், அம்மையாரோ முருக பக்தை. அந்த அடியைப் பாட அவர் மறுத்தார். கோபமோ சண்டையோ இல்லை. பாட முடியாது என்பது மட்டுமே. அடி மாற்றப்பட்டது, அவர் பாடினார். பாடச் சொன்னதைப் பாடுவது தொழில் என்று பலர் நினைக்கும் துறையில், தம் வாயிலிருந்து வரும் சொல்லுக்குத் தாமே பொறுப்பு என்று அவர் கருதினார்.

அடுத்த ஆண்டு வெளிவந்த திருவிளையாடலில், மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்ட முருகனை ஔவையாக நின்று அவர் பாடினார். கே. வி. மகாதேவனின் இசையில் பதிவான அந்தக் குரல் கோயில் ஒலிபெருக்கிகளிலும் இலங்கை வானொலியிலும் எமது கரையெங்கும் கேட்டது. துணைவன் படப் பாடல்களுக்காக 1969 ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்தியத் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 1970 இல் பத்மஸ்ரீ. 1980 இல் அவர் மறைந்தார்.

இங்கே ஒரு விடயத்தை நாம் மனந்திறந்து பேச வேண்டும். அவருடைய வெள்ளைச் சேலையைக் காட்டி, கணவனை இழந்த பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. அது அவர் எடுத்த முடிவு. மற்றவருக்குப் போட்ட சட்டமல்ல. போரும் கடலும் கணவரைப் பறித்த எத்தனையோ பெண்கள் மன்னாரில் இருக்கிறார்கள். எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் அவர்களுள் உண்டு. மங்கல காரியம் என்றதும் அவர்களுள் பலர் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். அல்லது போக வைக்கப்படுகிறார்கள். ஆனால் அதே சமூகம் தனது கோயில் திருவிழாவைத் தொடங்கும்போது ஒலிக்கவிட்டது யாருடைய குரலை? வெள்ளைச் சேலை உடுத்த ஒரு கைம்பெண்ணின் குரலைத்தான். அதை அபசகுனம் என்று எவரும் சொன்னதில்லை. குரலுக்குக் கொடுத்த இடத்தை எமது தோழிக்குக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்?

அம்மையாருக்குப் பின்னர் எத்தனையோ இனிய குரல்கள் வந்துவிட்டன. அவரைவிட நுணுக்கமாக இராகம் பாடியவர்களும் உண்டு. அவர்கள் மத்தியிலும் அவர் தனித்து நிற்கக் காரணம், கேட்டவர் எவரும் அந்தக் குரலையும் அவர் வாழ்ந்த விதத்தையும் பிரித்துப் பார்க்க முடியாமற் போனதே. பணம், புகழ், பதவி எல்லாம் வந்தபோதும் அவர் தம் குரலை எவரிடமும் ஒப்படைக்கவில்லை. மெய்யான மேதைக்கு அடையாளம் அதுவென்றே நாம் நினைக்கிறோம்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தமிழகத்திலும் இருந்து இம்மலரைப் படிக்கும் சகோதரிகளே, அடுத்த ஆண்டும் எமது மேடையில் ஒரு சிறுமி வெள்ளைச் சேலையோடு கோலூன்றி வருவாள். அவளுக்குப் பாட்டைப் பழக்குவதோடு, அதைப் பாடியவர் யார் என்பதையும் சொல்லிக் கொடுப்போம். எதற்கு இசைவது, எதற்கு மறுப்பது என்று தானே தீர்மானிக்கத் தெரிந்த பெண்ணாக அவள் அந்த மேடையிலிருந்து இறங்கட்டும்.