சேர் மார்க்கு இசம்பாட் புரூனெல்

தேம்சு நதியின் கீழே சுரங்கப் பாதை அகழ்ந்தவர் என்றே புரூனெலை உலகம் நினைவுகூர்கின்றது. அவர் மைந்தரோ தந்தையினும் பெரும்புகழ் எய்தியதால், தந்தையின் முதற்பணியை அறிந்தோர் சிலரே. அப்பணியையே நாம் ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிரான்சு நாட்டின் நோர்மண்டிப் பகுதியில், 1769 ஆம் ஆண்டில், ஒரு கமக்காரர் குடும்பத்தில் அவர் பிறந்தார். குருத்துவத்துக்கென நேரப்பட்டவர் கடற்படை புகுந்தார். முடியாட்சியிற் பற்றுடையவராதலால், புரட்சிக் காலத்தில் 1793 இல் அமெரிக்காவுக்குத் தப்பியோடி, நியூயோர்க் நகரின் பொறியியலாளரானார். 1799 இல் இங்கிலாந்தை அடைந்து, முன்னரே தாம் காதலித்த சோபியா கிங்டத்தை மணந்தார்.

அக்காலத்துப் போர்க்கப்பல்கள் பாயும் கயிறும் கொண்டு ஓடின. கயிறு ஓடுதற்குக் கப்பி வேண்டும். எமது கிணற்றடிக் கப்பியை ஒத்ததே அது. ஆயினும் 74 பீரங்கிகள் தாங்கிய ஒரு கப்பலுக்கு ஏறத்தாழ 900 கப்பிகள் தேவைப்பட்டன. பிரித்தானியக் கடற்படை ஆண்டுதோறும் நூறாயிரம் கப்பிகளை வேண்டி நின்றது. அவற்றின் உருவாக்கம் பெரும்பாலும் கைவேலையிலேயே தங்கியிருந்தது.

புரூனெல் அவ்வேலையைச் சிறு சிறு தொழில்களாகப் பகுத்தார். மரத்தை அறுத்தல், துளையிடுதல், துளையை நீட்டிக் குடைதல், மூலைகளை அறுத்தல், புறத்தை வளைவாகச் சீவுதல், கயிற்றுக்குப் பள்ளமிடுதல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொறி வகுத்தார். கடற்படைப் பணிகளின் மேற்பார்வையாளரான சாமுவேல் பெந்தாம் அதனை ஆதரித்தார். என்றி மோட்சிலி என்னும் பெருங்கம்மியர் 40 க்கு மேற்பட்ட பொறிகளை இரும்பில் வார்த்தும் கடைந்தும் கொடுத்தார். போட்சுமத்துத் துறைமுகத்தில் 1803 முதல் அவை ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கின.

இங்கு மாணவர் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. நிரையாக நிற்கும் பொறிகளுள் மிக மெதுவாக இயங்குவது எதுவோ, அதுவே முழு ஆலையின் விளைவையும் வரையறுக்கும். ஏனையவை எத்துணை விரைந்தும் பயனில்லை. முன்னுள்ளவற்றின் பின்னே மரம் குவியும், பின்னுள்ளவை வெறுங்கையோடு காத்திருக்கும். கப்பியின் வளைந்த புறத்தைச் சீவுதல் எளிதன்று. அதற்கெனப் புரூனெல் அமைத்த பொறியிலோ, ஒரு பெருஞ்சக்கரத்தின் விளிம்பிற் பத்துக் கப்பிகள் ஒருங்கே பூட்டப்பட்டுச் சீவப்பட்டன. சிறியன, நடுத்தரமானவை, பெரியன என மூன்று அளவுகளுக்கும் மூன்று தொகுதிகள் வைத்தமையால், அளவு மாறுந்தோறும் பொறிகளைத் திருத்தியமைக்கும் தொல்லையும் பெரிதுங் குறைந்தது. இன்றைய பொறியியலார் உற்பத்தி நிரையைச் சமன்செய்தல் எனக் கணக்கிட்டு ஆராய்வதன் வித்தை நாம் இங்கே காண்கின்றோம்.

110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர். 1808 இல் 130,000 கப்பிகள் வெளிவந்தன. கைவினைஞர் பலர் வேலையிழந்திருப்பர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அரசாங்கம் அவருக்கு 17,000 பவுணுக்குச் சற்று மேற்பட்ட தொகையைப் பெருந்தாமதத்தின் பின்னரே வழங்கிற்று. பின்னர்ப் படைவீரருக்குச் சப்பாத்துச் செய்யும் ஆலை ஒன்றையும் அவர் நிறுவினார். ஆலைக்குள் வேலையைச் சமன்செய்தவருக்கு, ஆலைக்கு வெளியே தேவையைச் சமன்செய்ய இயலவில்லை. 1815 இல் போர் முடிந்ததும் சப்பாத்துகள் விலைபோகாது தேங்கின. அவரது மரமறுக்கும் ஆலையோ முந்திய ஆண்டிலேயே தீக்கிரையாகியிருந்தது. கடனாளியாகி 1821 இல் சிறை புகுந்தார். சோபியாவும் உடன் சென்றார். உருசிய நாட்டுக்குச் செல்ல அவர் எண்ணுகின்றார் என்பது தெரிந்ததும் அரசாங்கம் 5,000 பவுண் ஈந்து அவரை மீட்டது.

1825 இல் தொடங்கிய தேம்சுச் சுரங்கம் 1843 இல் திறக்கப்பட்டது. 1841 இற் சேர் பட்டம் பெற்ற அப்பெரியார் 1849 இல் இலண்டனிற் காலமானார். அவருடைய கப்பிப் பொறிகளோ அதன் பின்னரும் நூறாண்டளவு உழைத்தன. அவற்றுட் சில இன்றும் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிற் பேணப்படுகின்றன.