இயக்கத்தின் இயல்பை ஆராய்ந்த இப்னு சீனா

சிறுவன் ஒருவன் கல்லை எடுத்து வீசுகின்றான். கையை விட்டு நீங்கிய பின்னரும் அக்கல் விரைந்து செல்கின்றது. தள்ளிய கை பின்னே நின்றுவிட்டது; ஆயினும் கல் நிற்கவில்லை. அதனை இயக்குவது யாது? எளிய வினாவாகத் தோன்றும் இதற்கு விடை காண அறிஞர் உலகம் இரண்டாயிரம் ஆண்டுகள் உழைத்தது. அவ்வுழைப்பில் பெரும்பங்கு கொண்டவர், மருத்துவ மேதையென உலகம் போற்றும் இப்னு சீனா ஆவார்.

அன்னாரின் மருத்துவ நூலாகிய அல்கானூனைப் பற்றி அறிந்தோர் பலர். இயக்கத்தையும் விசையையும் குறித்து அன்னார் செய்த ஆராய்ச்சியை அறிந்தோர் சிலரே.

இளமையும் கல்வியும்

கி.பி. 980ஆம் ஆண்டில் புகாரா நகருக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்னும் சிற்றூரில் இப்னு சீனா பிறந்தார். தந்தையார் பல்கு நகரத்தவர். அரசுப் பணியில் இருந்தவர். குடும்பம் புகாராவில் குடியேறியது. பத்து வயது நிரம்புமுன்னரே இளைஞர் திருக்குர்ஆனை மனனம் செய்து முடித்தார். இந்தியக் கணக்கு முறையைக் கற்றுவரத் தந்தையார் அவரைக் காய்கறி விற்கும் வணிகர் ஒருவரிடம் அனுப்பினார். அறிவு எவரிடம் இருப்பினும் அவரிடம் சென்று பெறுதல் இழிவன்று என்பதை இளமையிலேயே உணர்ந்தவர் அவர்.

விளங்காத ஒன்று எதிர்ப்படும்போதெல்லாம் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, இறைவனிடம் இறைஞ்சுவது அன்னாரின் வழக்கம். இரவு முழுவதும் விளக்கின் முன் அமர்ந்து பயில்வார். அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை நாற்பது முறை படித்தும் பொருள் விளங்காது சோர்ந்தார். பின்னர்க் கடைத்தெருவில் மூன்று திர்ஹத்திற்கு வாங்கிய அல்ஃபாராபியின் சிறு நூலொன்று அவருடைய அறிவுக் கண்ணைத் திறந்தது. அம்மகிழ்ச்சியில் மறுநாளே ஏழைகளுக்குத் தருமம் வழங்கினார்.

சாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்சூரின் நோய்க்கு மருத்துவம் செய்ய அழைக்கப்பட்டபோது அரண்மனை நூலகத்தைப் பயன்படுத்தும் பேறு கிடைத்தது. பதினெட்டு வயதில் அன்றைய கலைகள் அனைத்தையும் கற்றுத் தேர்ந்தார்.

அலைந்து திரிந்த வாழ்வு

ஆனால் அமைதியான வாழ்வு அன்னாருக்கு வாய்க்கவில்லை. தந்தையார் மறைந்தார், சாமானியர் ஆட்சி வீழ்ந்தது. குர்கஞ்ச், ஜுர்ஜான், ரை என ஊர் ஊராக அலைந்து, இறுதியில் ஹமதான் வந்து சேர்ந்தார். அந்நாட்டு அரசர் ஷம்சுத்தௌலாவின் வயிற்று நோயைத் தீர்த்து அமைச்சர் பதவி பெற்றார். படைவீரர்கள் கிளர்ந்தெழுந்து அவருடைய இல்லத்தைக் கொள்ளையிட்டு, உயிரையும் கேட்டனர். நாற்பது நாட்கள் நண்பர் ஒருவர் வீட்டில் மறைந்திருந்தார். அரசருக்கு மீண்டும் நோய் கண்டபோது அதே அமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது.

அந்நாளில்தான் மாணவர் அல்ஜூஸ்ஜானியின் வேண்டுகோளுக்கு இணங்கி ‘ஷிஃபா’ என்னும் பெருநூலை எழுதத் தொடங்கினார். நோய் நீக்கம் என்பது இப்பெயரின் பொருள். எனினும் இது மருத்துவ நூலன்று. அறியாமையாகிய நோயை நீக்க முற்பட்ட அறிவுக் களஞ்சியம். இயற்கைப் பொருள்களைப் பற்றிய பகுதியையே அன்னார் முதலில் எழுதத் தொடங்கினார். பகலில் அரசுப் பணி. இரவில் மாணவர்களுக்குப் பாடம்.

அரசர் இறந்தபின் மீண்டும் தலைமறைவு. மருந்து வணிகர் ஒருவர் இல்லத்தில் ஒளிந்திருந்து, கையில் நூலொன்றும் இன்றி, நினைவிலிருந்தே நாளொன்றுக்கு ஐம்பது ஏடுகள் வீதம் எழுதினார். பின்னர்ப் பிடிபட்டு, ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறையிருந்தார். அங்கும் எழுதுகோல் ஓயவில்லை. இறுதியில் சூஃபியரின் உடை அணிந்து இஸ்ஃபஹானுக்குத் தப்பிச் சென்றார்.

கல்லை இயக்குவது எது?

ஷிஃபாவில் அன்னார் கூறிய கருத்தை இனிக் காண்போம்.

எறியப்பட்ட கல்லைச் சூழ்ந்துள்ள காற்றே பின்னிருந்து தள்ளுகின்றது என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யஹ்யா அந்நஹ்வி இதனை மறுத்தார். எறிபவன் கல்லினுள் ஓர் ஆற்றலைப் பதிக்கின்றான், அது தானாகவே தேய்ந்து மறைகின்றது என்றார்.

இப்னு சீனா ஒருபடி மேலே சென்றார். எறிபவனிடமிருந்து கல் பெறுவது ‘மைல்’ என்னும் நாட்டம் என்றார். காற்றடைத்த தோற்பையை நீரினுள் அழுத்திப் பிடித்தால் அது மேலெழ முயன்று நம் கையைத் தள்ளுவதை உணர்கின்றோம். பை அசையவில்லை, ஆயினும் அசைவதற்கான நாட்டம் அதனுள் இருக்கின்றது. இயக்கம் வேறு, அதற்குக் காரணமான நாட்டம் வேறு என்பது இதனால் விளங்கும். எறிந்த கல்லில் பதிந்த நாட்டம் தானாகத் தேய்வதில்லை. காற்று போன்ற தடையே அதனைத் தேய்க்கின்றது. எனவே தடையேதுமற்ற வெற்றிடத்தில் எறியப்பட்ட பொருள் ஓயாது சென்றுகொண்டே இருக்கும் என்பது அன்னார் கண்ட முடிவு.

இவ்விடத்தில் உண்மையை மறைத்தல் ஆகாது. முடிவின்றிச் செல்லும் இயக்கத்தை எங்கும் காணோம். ஆதலின் வெற்றிடம் என்பதே இல்லை என்று இப்னு சீனா முடித்தார். அங்கே அன்னார் தவறினார். கி.பி. 1687இல் நியூட்டன் வெளியிட்ட நூல், புறவிசை தாக்காதவரை இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீராக இயங்கிக்கொண்டே இருக்கும் என விதி வகுத்தது. இயக்கத்தை நிலைநிறுத்த விசை வேண்டுவதில்லை. மாற்றுவதற்கே விசை வேண்டும். பொருளின் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம் என்றும், இயங்கும் பொருள் தன் இயக்கத்தால் வேலை செய்யும் திறன் இயக்க ஆற்றல் என்றும் பின்வந்தோர் பிரித்தறிந்தனர். இவ்வேறுபாடுகள் இப்னு சீனாவின் காலத்தில் தோன்றவில்லை. எனினும் இயக்கத்தை நிறுத்துவது தடையே என்ற அடிப்படை உண்மையை நியூட்டனுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அன்னார் எழுதி வைத்தார்.

இறுதி நாட்கள்

இஸ்ஃபஹானில் அமைதி கிடைத்தது, அதுவும் நிலைக்கவில்லை. 1030இல் சுல்தான் மஸ்ஊதின் படை நகரைச் சூறையாடியபோது அன்னாரின் நூலொன்றும் பறிபோனது. வயிற்று நோய்க்கு மருந்தெழுதிய மேதையை அதே நோய் பற்றியது. இனி மருத்துவம் பயன்படாது என உணர்ந்ததும் மருந்தை நிறுத்தினார், தம் பொருளை ஏழைகளுக்கு ஈந்தார், அடிமைகளை விடுவித்தார், திருக்குர்ஆன் ஓதுவதில் நாட்களைக் கழித்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். ஹிஜ்ரி 428, கி.பி. 1037ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் ஹமதானில் உயிர் நீத்தார். அன்னாரின் அடக்கத்தலம் அந்நகரிலேயே உள்ளது.

சிறையும் தலைமறைவும் கொள்ளையும் வழிமறித்த போதிலும் அன்னாரின் உழைப்பு ஓயவில்லை. முன்னோர் கூறினர் என்பதற்காக எதனையும் அவர் ஏற்கவில்லை. அவர் கூறினார் என்பதற்காகப் பின்வந்தோரும் அனைத்தையும் ஏற்கவில்லை. ஆராய்ந்து ஏற்பதும், தவறு கண்டவிடத்துத் திருத்துவதுமே அறிவைத் தேடுவோர் கடமை. பள்ளியில் இயற்பியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றையும் எடுத்துரைப்போமாக. கல்வியில் தளராத ஊக்கத்தை வல்ல இறைவன் அவர்களுக்கு அருள்வானாக!