ஈரோட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு: பெரியாரின் 1932 ஆம் ஆண்டுப் பயணம்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதை டயகமவை அடையும்போது தேயிலை மலைகள் ஹோர்ட்டன் சமவெளிக் காடுகளை நெருங்கி விடுகின்றன. இந்த மலைகளில் வாழும் மக்களுக்குப் பயணம் என்பது இனிய நினைவுகளைத் தரும் சொல்லன்று. தமிழகத்தின் வறண்ட கிராமங்களை விட்டுக் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த மூதாதையரின் துயரமே அவர்கள் கேட்டு வளர்ந்த முதற் பயணக் கதை. 1964 ஆம் ஆண்டு செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி உற்றாரைப் பிரிந்து இந்தியாவுக்குக் கப்பலேறியோரின் கண்ணீர் இரண்டாவது கதை. கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளின் வீடுகளுக்கும் வேலை தேடிச் செல்லும் இளந்தலைமுறையினரின் கதை இன்றும் முடிந்தபாடில்லை.

வயிற்றுக்காக அன்றி, உலகத்தைக் கண்டறிவதற்காகவே ஒருவர் வீட்டை விட்டுப் புறப்படலாம் என்பது இம்மக்களுக்கு நெடுங்காலம் எட்டாத எண்ணமாகவே இருந்து வந்தது. அவ்வாறு புறப்பட்ட தமிழர் ஒருவர் பல நாடுகளைச் சுற்றியபின் ஊர் திரும்பும் வழியில் நமது இலங்கைத் தீவில் இறங்கினார். அவர்தான் தந்தை பெரியார் என அழைக்கப்படும் ஈ.வெ. இராமசாமி.

1879 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆம் திகதி ஈரோட்டில் வசதி படைத்த வணிகக் குடும்பமொன்றில் பிறந்த பெரியார், பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டுவிட்டுத் தந்தையாரின் மண்டிக் கடையில் அமர்ந்தவர். ஏட்டுக் கல்வி அவருக்குக் கொடுக்காததைப் பயணங்கள் கொடுத்தன எனலாம். இளம் வயதில் வீட்டாரோடு மனங்கசந்து காசிக்குச் சென்றபோது, அங்கிருந்த சத்திரமொன்றில் பிராமணரல்லாதவர் என்ற காரணத்தால் அவருக்கு உணவு மறுக்கப்பட்டது. பசியின் கொடுமையால் வெளியே எறியப்பட்ட எச்சில் இலைகளில் இருந்ததை உண்ண நேர்ந்த அந்த அனுபவம் அவரது நெஞ்சில் ஆறாத வடுவாகத் தங்கியது.

ஈரோடு நகரசபைத் தலைவராக விளங்கிய அவர், பின்னர் அப்பதவியைத் துறந்து காங்கிரசில் சேர்ந்து கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார். 1924 ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் வைக்கத்துக்குச் சென்றார். ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து அங்கே நடைபெற்ற அறப்போரில் ஈடுபட்டு இருமுறை சிறை சென்றார். உலகத்தைச் சுற்றி வருவதற்கு முன்பாக, ஒரு தெருவில் நடப்பதற்கும் போராட வேண்டியிருந்த நாட்டிலிருந்து வந்தவர் அவர் என்பதை மறந்துவிடலாகாது. 1925 ஆம் ஆண்டில் குடி அரசு வார இதழைத் தொடங்கிய அவர், அவ்வாண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாமையால் காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் வலுப்பெறத் தொடங்கிய காலம் அதுவே.

இப்பயணத்தில் அவருக்குத் துணைவராக அமைந்தவர் எஸ். இராமநாதன். எம்.ஏ., பி.எல். பட்டங்கள் பெற்ற இவர், கதர்ப் பணியிலிருந்தே பெரியாரோடு தோள் நின்றவர். சுயமரியாதைச் சங்கத்தை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்தவர். ரிவோல்ட் என்ற ஆங்கில வார ஏட்டைப் பெரியாருடன் சேர்ந்து நடத்தியவர். ஒருவர் வணிகத்திலும் வீதியிலும் உலகத்தைக் கற்றவர்; மற்றவர் பல்கலைக்கழகத்தில் கற்றவர். ஆங்கிலப் புலமை இல்லாத பெரியாருக்கு வெளிநாடுகளில் வாயாகவும் செவியாகவும் இராமநாதன் விளங்கினார். ஈரோட்டைச் சேர்ந்த உறவினரான இராமு என்பவரும் உடன் சென்றார்.

1931 ஆம் ஆண்டு டிசம்பர் 13 ஆம் திகதி சென்னையிலிருந்து பிரெஞ்சுக் கப்பலொன்றில் மூவரும் புறப்பட்டனர். அப்போது பெரியாருக்கு வயது 52. குடி அரசு இதழைக் கவனித்துக் கொள்ளும் பொறுப்பு அவரது துணைவியார் நாகம்மையாரைச் சேர்ந்தது. எகிப்து, கிரேக்கம் ஆகிய நாடுகளைக் கண்டபின் அவர்கள் துருக்கியை அடைந்தனர்.

முஸ்லிம் நாடொன்று பழைய வழக்கங்கள் பலவற்றை விரைந்து மாற்றிக் கொண்டிருந்த காலம் அது. 1928 ஆம் ஆண்டில் துருக்கி மொழி அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தை ஏற்றிருந்தது. அம்மாற்றத்தின் நன்மை தீமைகள் குறித்து முஸ்லிம் உலகில் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஒரு மொழியின் எழுத்தை மக்களின் வசதிக்கேற்பத் திருத்த முடியும் என்பதற்கு அது கண்கண்ட சான்றாயிற்று. ஊர் திரும்பிய பெரியார் 1935 ஆம் ஆண்டு முதல் குடி அரசில் தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். 1978 ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக் கொண்ட அவ்வெழுத்துக்கள் நமது நாட்டு அச்சுலகிலும் பரவின. யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய லை, ளை எழுத்துக்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று தலவாக்கலை என்ற பெயரை எழுதும்போது நாம் இடும் லை, அந்தச் சீர்திருத்தத்தின் வழி வந்ததேயாகும்.

1932 ஆம் ஆண்டு பெப்ரவரியிலிருந்து மே வரை ஏறக்குறைய மூன்று மாதங்கள் அவர்கள் சோவியத் ரஷ்யாவில் தங்கினர். தொழிற்சாலைகளையும் தொழிலாளர் வாழ்விடங்களையும் பார்வையிட்டனர். மொஸ்கோ நகரின் மே தின ஊர்வலத்தையும் கண்டனர். ஏற்கெனவே 1931 ஆம் ஆண்டிலேயே கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கத்தைக் குடி அரசில் வெளியிட்டிருந்த பெரியாரை இக்காட்சிகள் பெரிதும் கவர்ந்தன. ஆயினும் அரசாங்க வழிகாட்டிகளின் துணையோடு செல்லும் விருந்தினர் காண்பது ஒரு நாட்டின் ஒரு பக்கமே. 1932, 1933 ஆம் ஆண்டுகளில் உக்ரேன் உள்ளிட்ட பகுதிகளை வாட்டிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர் என்பதை இன்றைய வரலாறு நமக்குக் கூறுகின்றது. எவ்வளவு கூரிய பார்வையுடைய பயணிக்கும் காணாத பக்கம் ஒன்று இருந்தே தீரும்.

ரஷ்யாவிலிருந்து மே மாதத்தில் ஜேர்மனிக்கு வந்தபோது ஐரோப்பாவில் வசந்தகாலம் நிலவியது. பொருளாதார வீழ்ச்சியாலும் வேலையின்மையாலும் நிலைகுலைந்திருந்த அந்நாட்டில் அடுத்த ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிப் பீடம் ஏறவிருந்தார். அங்கிருந்து அவர்கள் இங்கிலாந்து சென்றனர். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவரும் பம்பாயைச் சேர்ந்த பார்சி இனத்தவருமான கம்யூனிஸ்ட் தலைவர் சாபுர்ஜி சக்லத்வாலா அவர்களுக்கு அங்கே உதவினார்.

இப்பயணத்தில் மலையகத் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஜூன் மாதத்தில் நடந்தது. யோர்க்ஷயர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மெக்ஸ்பரோ என்ற ஊரில் தொழிலாளர்களின் பெருங்கூட்டமொன்று நடைபெற்றது. தொழிற்கட்சித் தலைவர்களுள் ஒருவரான லான்ஸ்பரி கலந்து கொண்ட அக்கூட்டத்தில் பெரியாரும் உரையாற்றினார். இந்தியச் சுரங்கங்களில் நாள் முழுதும் உழைக்கும் ஆண்களும் பெண்களும் பெறும் அற்பக் கூலியை அவர் எடுத்துரைத்தார். தொழிலாளர் பெயரால் ஆட்சியில் இருந்த கட்சியும் அவர்களுக்காக எதுவும் செய்யவில்லை என அத்தலைவரின் முன்னிலையிலேயே கண்டித்தார். ஆளும் நாட்டின் தொழிலாளியும் ஆளப்படும் நாட்டின் தொழிலாளியும் ஒரே நுகத்தடியில் பூட்டப்பட்டவர்கள் என்பதே அவர் அங்கு உணர்த்த முயன்ற உண்மை. ஸ்பெயின், போர்த்துக்கல், பிரான்ஸ் ஆகிய நாடுகளும் பயணத்தில் இடம்பெற்றன. முந்திய ஆண்டில்தான் மன்னர் வெளியேறிக் குடியரசு மலர்ந்திருந்த நாடு ஸ்பெயின்.

1932 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பெரியார் கொழும்பில் வந்திறங்கினார். அக்காலத்தில் நமது நாட்டின் நிலை என்ன? 1931 ஆம் ஆண்டின் டொனமூர் அரசியற் திட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியிருந்த போதிலும், தோட்டத் தொழிலாளர் பலருக்கு அது நிபந்தனைகளோடே கிடைத்தது. 1929 ஆம் ஆண்டில் மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் எனக் குறைந்தபட்சக் கூலி இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியைக் காரணம் காட்டி அதுவும் குறைக்கப்பட்டது. அந்நாட்களிலேதான் கோ. நடேசய்யர் ஹட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தைக் கட்டியெழுப்பி வந்தார்.

இத்தகைய சூழலில் கொழும்பில் பெரியார் ஆற்றிய உரை பின்னர் நூல் வடிவமும் பெற்றது. மனிதரைப் பிரித்து வைக்கும் சாதியும் பிற கட்டுக்களும் இயற்கையாகத் தோன்றியவை அல்ல, மேலிருப்போரின் நலனுக்காக மனிதரே ஏற்படுத்தியவை என்பது அவரது வாதம். கடவுளையும் மதத்தையும் அப்பட்டியலில் அவர் சேர்த்தமையை இறை நம்பிக்கையுடைய இந்துக்களோ முஸ்லிம்களோ கிறிஸ்தவர்களோ ஏற்றுக் கொள்ளார். அதே வேளை, மீலாத் விழா மேடைகளில் பலமுறை தோன்றி இஸ்லாத்தின் சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் தீண்டாமைக்கு மாற்றாக எடுத்துக் காட்டியவரும் அவரே. நம்பிக்கையில் வேறுபட்டவர்களும் அவரிடமிருந்து ஏற்றுக் கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. ஏழ்மை தலையெழுத்தன்று என்பதே அது. லயன் காம்பிராவில் பிறந்தவர் லயன் காம்பிராவிலேயே மடிய வேண்டும் என்பது விதியானால் அதை மாற்ற எவராலும் இயலாது. மனிதர் செய்த ஏற்பாடானால் மனிதரால் மாற்ற இயலும்.

இவ்விதை வீண் போகவில்லை. சுயமரியாதைக் கருத்துக்கள் இலங்கையிலும் வேரூன்றின. பின்னர் ஏ. இளஞ்செழியன் முன்னின்று நடத்திய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டப்புற இளைஞர்களிடையே பரவியது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களிடையே வாசிப்பையும் தன்மான உணர்வையும் வளர்த்ததில் அவ்வியக்கத்துக்குப் பங்குண்டு. 1962 ஆம் ஆண்டில் அது தடை செய்யப்பட்டது.

1932 நவம்பரில் ஊர் திரும்பிய பெரியார், பெயருக்கு முன்னால் இடும் மரியாதைச் சொற்களை விடுத்து அனைவரும் தோழர் என்றே அழைக்க வேண்டுமெனக் குடி அரசில் கேட்டுக் கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் சிங்காரவேலருடன் சேர்ந்து சமதர்மத் திட்டமொன்றை ஈரோட்டில் முன்வைத்தார். அடுத்த மே மாதம் நாகம்மையார் காலமானார். துயர் ஆறுமுன்னரே, குடி அரசில் வெளிவந்த தலையங்கத்துக்காகப் பெரியாரும் அவரது தங்கை கண்ணம்மாளும் சிறை செல்ல நேர்ந்தது. 1934 ஆம் ஆண்டில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டதைத் தொடர்ந்து அடக்குமுறை இறுகவே, அவர் சமூகச் சீர்திருத்தத்தையே முதன்மையாகக் கொண்டார். இதனால் ஜீவானந்தம் போன்றோர் அவரை விட்டு விலகினர்.

பயணத் துணைவர் இராமநாதனின் பாதையும் பிரிந்தது. அவர் காங்கிரசில் இணைந்து 1937 ஆம் ஆண்டில் இராஜாஜியின் அமைச்சரவையில் அமைச்சரானார். அந்த அரசு பாடசாலைகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எதிர்த்துப் போராடிய பெரியார், 1938 டிசம்பரில் தண்டிக்கப்பட்டுப் பெல்லாரிச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே மே தின ஊர்வலத்தை ஒன்றாக நின்று பார்த்த இருவரில் ஒருவர் கோட்டையிலும் மற்றவர் சிறையிலும் இருந்தனர். ஆயினும் பயணத்தில் பெற்ற பகுத்தறிவு நாட்டத்தை இராமநாதனும் இழந்துவிடவில்லை. பிற்காலத்தில் இந்தியப் பகுத்தறிவாளர் சங்கத்தின் பணிகளில் அவர் முன்னின்றார். ஒரே காட்சியைக் காணும் இருவர் ஒரே முடிவுக்கு வர வேண்டுமென்பதில்லை. கண்டதைக் கொண்டு தாமே சிந்தித்தார்களா என்பதே முக்கியம்.

1944 ஆம் ஆண்டில் திராவிடர் கழகத்தைத் தோற்றுவித்த பெரியார், முதுமையிலும் ஓயாது ஊர் ஊராகச் சென்று பேசி வந்தார். 1973 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் திகதி, தமது 94 ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் சென்ற நாடுகளில் சில இன்று பெயர் மாறிவிட்டன. அவர் போற்றிய ஆட்சிகளில் சில மறைந்துவிட்டன. அவர் காண முற்பட்ட முறை மட்டும் பழமையடையவில்லை. பிற நாட்டின் மாளிகைகளை மட்டும் பார்த்து வியந்து நிற்காமல், அங்கே உழைப்பவர் எவ்வாறு வாழ்கின்றார் எனக் கேட்டு, அதனைத் தமது ஊரோடு ஒப்பிட்டு நோக்கியவர் அவர். டயகமவிலிருந்தும் அக்கரப்பத்தனையிலிருந்தும் இன்று வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பஸ் ஏறும் இளைஞர்களும் யுவதிகளும் பெரும்பாலும் பிழைப்புக்காகவே செல்கின்றனர். சென்ற இடத்தில் வேலைநேரம், கூலி, குடியிருப்பு, உரிமை ஆகியவை எவ்வாறு உள்ளன என்பதை உற்றுநோக்கித் திரும்புவார்களானால், கூலிக்காகச் செய்த பயணமும் அறிவுக்கான பயணமாக மாறும். அவ்வறிவை ஊருக்குக் கொண்டு வந்து பகிர்ந்து கொள்வோரே நாளைய மலையகத்துக்கு வேண்டியவர்கள்.