பாலைக் காய்ச்சினால் போதுமா? சம்பு நாத் டே கண்ட நச்சும் நம் மாட்டுத் தொழுவமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நடந்த ஒரு கறவை மாட்டுப் பயிற்சியில் ஓர் அம்மா என்னை மடக்கினார். எங்கள் பால் பால்கோவாவுக்குத்தானே போகிறது, கடாயில் கொதித்துச் சுண்டப் போகிறது, மடியைக் கழுவாவிட்டால் என்ன, கேன் கொஞ்சம் வாடை அடித்தால்தான் என்ன, எல்லாக் கிருமியும் செத்துவிடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை விளக்க வேண்டுமானால் கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

அவர் பெயர் சம்பு நாத் டே. 1915 பிப்ரவரி 1-ஆம் தேதி, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற கிராமத்தில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். நன்றாகப் படித்ததால் கல்கத்தா மருத்துவக் கல்லூரி வரை வந்து 1939-இல் டாக்டர் ஆனார். பிறகு லண்டன் சென்று, 1949-இல் நோய்க்குறியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே தங்கியிருக்கலாம். ஊருக்குத் திரும்பி மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியபடியே வாந்திபேதியை ஆராய ஆரம்பித்தார்.

வாந்திபேதி என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் போய்விடுவார். இதற்குக் காரணமான பாக்டீரியாவை ஜெர்மானியர் ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் உறுதி செய்தார். மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்துத் தண்ணீரிலேயே அது இருந்தது. அந்தப் பாக்டீரியா ஏதோ ஒரு நச்சைக் கக்குகிறது என்றும் காக் கருதினார். ஆனால் அதற்கு அப்புறம் 70 ஆண்டுகள் ஓடியும் அந்த நச்சை யாராலும் காட்ட முடியவில்லை. கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மனிதருக்கு வருவது போன்ற பேதி வரவில்லை.

டே யோசித்தது எளிமையானது. நோய் குடலில் நடக்கிறது என்றால் குடலில்தானே தேட வேண்டும்? மயக்க மருந்து கொடுத்த முயலின் சிறுகுடலில் ஒரு சிறு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டினார். அதற்குள் காலரா கிருமியைச் செலுத்தி வயிற்றைத் தைத்தார். மறுநாள் திறந்தபோது அந்தத் துண்டு, கஞ்சித் தண்ணீர் போன்ற நீரால் உப்பிப் புடைத்திருந்தது. கிருமி செலுத்தாத துண்டு வெறுமையாக இருந்தது. இதை 1953-இல் வெளியிட்டார். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. முயல், கத்தி, நூல் இவைதான். எங்களைப் போன்றவர்கள் கருவி இல்லை, நிதி இல்லை என்று புலம்பும்போது எனக்கு அவர் நினைவு வரும்.

1959-இல்தான் முக்கியமான சோதனை வெளிவந்தது. காலரா கிருமி வளர்ந்த திரவத்தை நுண்ணிய வடிகட்டியில் வடிகட்டி, பாக்டீரியா ஒன்றுகூட இல்லாமல் செய்தார். வெறும் திரவத்தை முயல் குடலில் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. கிருமி இல்லை, ஆனால் அது விட்டுச் சென்ற நச்சு வேலை செய்தது. உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை சில பத்திகள்தான்.

கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலரா நச்சு குடல் சுவரில் மடையைத் திறந்துவிடுகிறது, உடம்பின் நீரும் உப்பும் வெளியே பாய்கின்றன. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் வாய்க்கால் ஒன்று அடைபடாமல் இருக்கிறது. உப்பு சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பது அந்த வழியில்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் இந்தக் கரைசலைக் கொடுத்தபோது, 100-க்கு 30 பேர் வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. பேதி கண்ட பிள்ளைக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து போட்டுக் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலமும் கிடைக்கும். கன்றுக் கழிச்சலிலும் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புதான். கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றால் காத்திருக்க வேண்டாம். கால்நடை மருத்துவர் சொல்லும் உப்புக் கரைசலை உடனே கொடுங்கள், பாலை நிறுத்தாதீர்கள். கன்று பிறந்து ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்பதே முதல் பாதுகாப்பு.

டேக்கு என்ன கிடைத்தது? உயிரோடு இருந்தவரை நம் நாட்டின் பெரிய அறிவியல் அகாடமி எதுவும் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1969-இல் அமெரிக்காவில் அந்த நச்சைத் தனியே பிரித்தெடுத்த பிறகே உலகம் அவரைத் தேடியது. நோபல் பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். 1985 ஏப்ரல் 15-இல் இறந்தார். இது நமக்குப் பெருமை தரும் செய்தி இல்லை.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். காலரா நச்சு சூட்டில் அழிந்துவிடும். எல்லா நச்சும் அப்படியில்லை. மடிநோய் கண்ட மாட்டின் மடியிலும், கறப்பவர் கையில் உள்ள சீழ்ப்புண்ணிலும் ஸ்டபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. அது பாலில் விழுந்து பெருகினால் ஒரு நச்சை உண்டாக்கும். பாலைக் காய்ச்சினால் பாக்டீரியா செத்துவிடும், ஆனால் அதன் நச்சு அரை மணி நேரம் கொதித்தாலும் முழுதாக அழியாது. அந்தப் பாலைச் சாப்பிட்டவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும். பாலும் கெட்டதாகத் தெரியாது, வாடையும் இருக்காது.

ஆகவே பாக்டீரியா பெருகுவதற்கு முன்பே தடுக்க வேண்டும். நல்ல வெதுவெதுப்பில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும் என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் ஒன்று நாலாயிரத்தைத் தாண்டிவிடும். கறந்த பாலை வெயிலில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சொசைட்டியின் குளிர்விப்பானுக்குப் போய்விட வேண்டும். அதுவரை கேனைத் தண்ணீர்த் தொட்டியில் நிழலில் நிறுத்துங்கள். மாலைப் பாலைக் காலைப் பாலோடு கலக்க வேண்டாம்.

கறக்கும் முன் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈர மடியிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் பாலில் அதிகம் அழுக்கைச் சேர்க்கிறது. ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சைக் கருப்புக் கிண்ணத்தில் பீச்சிப் பாருங்கள். திரி திரியாகவோ தண்ணீராகவோ வந்தால் அது மடிநோய். அந்தப் பாலைக் கேனில் ஊற்றாதீர்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொன்ன நாள் வரை விற்காதீர்கள். கையில் புண் இருந்தால் வேறொருவர் கறக்கட்டும். கேனை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சலவைச் சோடா போட்ட சுடுதண்ணீரில் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

ராஜபாளையம் பக்கம் தென்னந்தோப்பில் மாடு கட்டியிருப்பவர்களுக்கு ஒன்று. சாணிக் குழியும் குடிநீர்க் கிணறும் பக்கத்தில் இருந்தால் மழைக்காலத்தில் கழிவு கிணற்றில் இறங்கும். பேதி உண்டாக்கும் ஈகோலை வகைகளையும் டே 1956-இலேயே முயல் குடலில் சோதித்துக் காட்டியிருக்கிறார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கேன் கழுவினால், காய்ச்சாமல் பால் குடிக்கும் பிள்ளைக்கு அது நேராகப் போய்ச் சேரும். குழியைக் கிணற்றுக்குத் தள்ளி, தாழ்ந்த பக்கமாக மாற்றுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு நான் கருப்புக் கிண்ணங்கள் எடுத்து வருகிறேன். கேள்வி கேட்ட அந்த அம்மாவின் மாட்டில்தான் முதலில் பீச்சிப் பார்க்கப் போகிறோம்.